தொண்டுக்குச் சான்று கேட்கலாமா?

ஆத்தூர், ராசிபுரம், சங்ககிரி, குமாரபாளையம் என்று சேலம், நாமக்கல் சமவெளியில் எந்த ஊருக்குப் போனாலும் இருபது, முப்பது படுக்கை கொண்ட நர்சிங் ஹோம்கள் கண்ணில் படும். அங்கே ஊசி போடுகிற, டிரிப் ஏற்றுகிற, பிரசவ அறையில் உடன் நிற்கிற பெண்களில் ஒருவர் நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் படித்தவராக இருப்பார். இன்னொருவர் மூன்றாண்டு ஜி.என்.எம். டிப்ளமோ முடித்தவர், மூன்றாமவர் பிளஸ் டூ முடித்த கையோடு ஏதோ ஒரு டிரஸ்ட் நடத்தும் ஓராண்டு நர்சிங் உதவியாளர் வகுப்பில் சேர்ந்து, சான்றிதழ் வாங்கிக்கொண்டு வேலைக்கு வந்தவர். கட்டிலில் கிடப்பவருக்கு மூவருமே சிஸ்டர்தான். சட்டத்துக்கு அப்படியில்லை. முதல் இருவரும் படித்த இடம் அங்கீகாரம் பெற்றது என்றால் தமிழ்நாட்டு நர்சிங் கவுன்சிலின் பதிவேட்டில் ஏறலாம். மூன்றாமவர் பத்து வருடம் நைட் டூட்டி பார்த்திருந்தாலும் ஏற முடியாது.

இந்தப் பிரிவினை நியாயமானதா என்று கேட்பவர்கள் வழக்கமாக நிர்வாகத்தின் மொழியிலேயே கேட்கிறார்கள். எத்தனை இடங்கள், எந்தக் கல்லூரி, யார் அனுமதித்தது என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதற்கு அடியில் பழைய, ஆழமான கேள்வி ஒன்று இருக்கிறது. நோயாளியைத் தொட்டுத் துடைத்துப் பேணுவதை நம் சமயங்கள் எல்லாம் புண்ணியம் என்கின்றன. புண்ணியம் செய்ய யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? அன்போடு நீளும் கையை நிறுத்தி, உன் படிப்பை எந்தக் குழுமம் ஏற்றது என்று கேட்கும் உரிமை சட்டத்துக்கு எங்கிருந்து வந்தது? கேட்கும் உரிமை உண்டு என்பது மட்டுமல்ல, கேட்பது அறத்தின் கடமை என்பதே என் முடிவு. ஆனால் அந்தக் கடமை கேட்பவரையும் கட்டுகிறது. நம் ஊரில் தவறிப்போவது இந்த இரண்டாம் பாதிதான்.

தொண்டுக்கு அன்பு போதும் என்று நம் மரபு சொன்னதாகப் பலர் நம்புகிறார்கள். மரபு அப்படிச் சொல்லவில்லை. திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள், மருத்துவத்தை நான்கு உறுப்பாகப் பிரிக்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து அதைக் கொடுப்பவர். செவிலியரை மருத்துவரின் நிழலாக அல்லாமல் நான்கில் ஓர் உறுப்பாகவே வள்ளுவர் எண்ணியிருக்கிறார். அந்தக் குறளுக்கு உரை எழுதும் பரிமேலழகர், உடனிருப்பவருக்கு வேண்டிய பண்புகளையும் நான்காக வகுக்கிறார்: நோயாளியிடம் அன்பு, மனம் மொழி மெய்களின் தூய்மை, சொன்னதைச் சொன்னபடி செய்யும் வன்மை, அறிவு. சரக சங்கிதையும் பணிவிடை செய்பவருக்கு நான்கு குணங்களைக் கேட்கிறது: பணிவிடையின் முறை தெரிந்திருத்தல், கைத்திறம், நோயாளியிடம் பற்று, தூய்மை. இரண்டு பட்டியலிலும் அன்பு இருக்கிறது. இரண்டிலுமே அது தனியாக இல்லை. இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இந்த நான்கில் அறிவையும் திறத்தையும் வெளியே இருந்து ஒருவர் சோதித்துப் பார்க்கலாம். தூய்மையை ஓரளவு பார்க்கலாம். அன்பை எந்தத் தேர்வுத் தாளாலும் அளக்க முடியாது. சட்டம் எதுவரை போகலாம், எங்கே நிற்க வேண்டும் என்பதற்கான எல்லைக்கோடு இந்தப் பழைய பட்டியல்களுக்குள்ளேயே கிடக்கிறது.

பௌத்தம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஆத்தூருக்கு அருகே தியாகனூரில் இன்றும் இரண்டு பெரிய புத்தர் சிலைகள் இருக்கின்றன; இந்தச் சமவெளிக்குப் பௌத்தம் அந்நியமல்ல. பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதிகளைக் கூறும் வினய பிடகத்தின் மகாவக்கத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. வயிற்றுப்போக்கால் துவண்ட பிக்கு ஒருவர் தம் மலமூத்திரத்திலேயே கிடக்கிறார். அவரால் தங்களுக்கு எந்தப் பயனும் இல்லை என்பதால் மற்றவர்கள் அவரைக் கவனிக்கவில்லை. புத்தர் தண்ணீர் ஊற்ற, அவர் சீடர் ஆனந்தர் கழுவ, இருவரும் அவரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். தமக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்று புத்தர் சொன்னதாக வரும் இடம் இதுதான். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். பிடகம் நிறுத்தவில்லை. நோயுற்றவரைக் கவனிக்க வேண்டியவர் ஆசிரியரா, மாணவரா, உடன் தங்கியவரா, யாரும் இல்லாவிட்டால் சங்கமா என்று வரிசை போடுகிறது. கவனிக்காமல் விட்டால் அது குற்றம் என்று விதிக்கிறது. அதன் பிறகு நோயாளியைப் பேணத் தகுதியற்றவர் யார் என்றும் சொல்கிறது. மருந்து தயாரிக்கத் தெரியாதவர், எது நோய்க்கு ஆகும், எது ஆகாது என்று அறியாதவர், பரிவுக்காக அல்லாமல் ஆதாயத்துக்காகச் செய்பவர், மலத்தையும் வாந்தியையும் அருவருப்பவர், நல்ல சொல்லால் நோயாளியைத் தேற்றத் தெரியாதவர். கருணையின் உச்சமாக நாம் கொண்டாடும் நிகழ்ச்சியின் அடுத்த பக்கத்திலேயே விதியும் தகுதியும் குற்றமும் நிற்கின்றன. பட்டியலில் முதல் இரண்டு இடமும் அறிவுக்கே தரப்பட்டிருக்கின்றன. கருணையை அவரவர் மனப்போக்குக்கு விட்டால் பயனற்றவர் என்று கருதப்படும் நோயாளி அழுக்கிலேயே கிடப்பார் என்பதைக் கண்ணால் கண்ட ஒருவர் வகுத்த விதி இது.

தகுதியைச் சட்டம் சோதிக்கலாம் என்பதற்கு எதிரான வலுவான வாதம் வேறு திசையிலிருந்து வந்தது. செவிலியருக்கு அரசுப் பதிவேடு கூடாது என்று வாதிட்டவர்களில் முதன்மையானவர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல். 1887இல் எத்தல் பெட்ஃபோர்ட் ஃபென்விக் என்ற செவிலி பிரிட்டிஷ் செவிலியர் சங்கத்தைத் தொடங்கி, பயிற்சி பெற்றவர்களை மட்டும் பதிவு செய்யும் சட்டம் வேண்டும் என்று இயக்கம் நடத்தியபோது நைட்டிங்கேல் அதை எதிர்த்தார். நல்ல செவிலியை ஆக்குவது அவளுடைய குணம். குணத்தைத் தேர்வு வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு நாள் தேறிய தேர்வு, பத்து ஆண்டு கழித்து அவள் எப்படி இருக்கிறாள் என்பதைச் சொல்லாது. பதிவேடு சராசரியையே தரமாக்கிவிடும் என்பவை அவருடைய கவலைகள். போராட்டம் முப்பது ஆண்டுக்கு மேல் நீண்டது. நியூசிலாந்து 1901இலேயே தனிச் சட்டம் இயற்றியது. பிரிட்டனில் நைட்டிங்கேல் இறந்து ஒன்பது ஆண்டுக்குப் பிறகு, 1919இல்தான் சட்டம் வந்தது. பதிவேட்டின் முதல் பெயர் ஃபென்விக்குடையது. வரலாறு ஃபென்விக் பக்கம் சாய்ந்தது என்பதால் நைட்டிங்கேல் சொன்னது தவறாகிவிடாது. பதிவு எண் வைத்திருப்பவர் எல்லாரும் இரவு மூன்று மணிக்குக் கூப்பிட்ட குரலுக்கு முகம் சுளிக்காமல் எழுந்து வருவார்கள் என்று யாரும் சொல்ல மாட்டோம்.

ஆனால் நைட்டிங்கேல் பதிவேட்டுக்குப் பதிலாக எதை நம்பினார் என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு செவிலியையும் நேரில் அறிந்த தலைமைச் செவிலி ஒருவர், அவளோடு பழகி, அவள் நடத்தையைக் கண்டு, அவளுக்கு உத்தரவாதம் கொடுப்பார் என்பதே அவர் ஏற்பாடு. ஒரு மருத்துவமனைக்குள், ஒரு பயிற்சிப் பள்ளியின் சுவருக்குள் அது பிரமாதமாக வேலை செய்யும். சேலம்–கோவை நெடுஞ்சாலையில் லாரி மோதி, நினைவு தப்பி, சங்ககிரியில் முதலில் கண்ணில் பட்ட மருத்துவமனைக்குள் தூக்கிச் செல்லப்படுகிற ஆள் எந்தத் தலைமைச் செவிலியைக் கேட்பார்? அவர் ராஜஸ்தானிலிருந்து கிரானைட் ஏற்றி வந்த டிரைவராக இருக்கலாம். அவருக்கு இங்கே யாரையும் தெரியாது, மொழியும் தெரியாது, பேசும் நிலையிலும் இல்லை. அறிமுகத்தின் மீது நிற்கும் நம்பிக்கை அறிமுகமானவர்களுக்கே உதவும். யாரென்று தெரியாத நோயாளிக்கு, அவர் தேர்ந்தெடுக்க முடியாத கைகள் குறித்து, சமுதாயம் முன்கூட்டியே கொடுத்துவைக்கும் வாக்குதான் பதிவேடு. குணத்தைப் பற்றி அந்த வாக்கு எதுவும் சொல்லவில்லை. இந்தக் கை நரம்பைத் தேடத் தெரிந்த கை, எந்த மருந்தை எவ்வளவு வேகத்தில் ஏற்றினால் இதயம் நிற்கும் என்று கற்ற கை என்பதை மட்டும் சொல்கிறது. அது சிறிய வாக்கு. ஆனால் அந்தச் சிறிய வாக்கு இல்லாத இடத்தில் அன்பே ஆபத்தாகிவிடும். பொட்டாசியம் குளோரைடை நீர்க்கச் செய்யாமல் நேராக நரம்பில் ஏற்றியவர், நோயாளியை எவ்வளவு நேசித்தார் என்பது அந்த நோயாளிக்கு எந்த உதவியும் செய்யாது. அடுத்தவர் உடம்பின் மேல் நம் அறியாமையைப் பிரயோகிப்பது இம்சை. அகிம்சையைச் சமயநெறியாக ஏற்றவர்கள் கற்றலையும் அந்த நெறியின் பகுதியாக ஏற்றாக வேண்டும்.

கொங்குப் பக்கத்தில் இதற்கு வேறொரு மறுப்பு எழும். இங்கே நம்பிக்கை கைராசியின் மேல் நிற்கிறது. இன்னார் கை பட்டால் சுகப்பிரசவம், இன்னார் ஊசி போட்டால் வலிக்காது என்ற பேச்சு இன்றும் உண்டு. கைராசியை நான் மூடநம்பிக்கை என்று தள்ள மாட்டேன். நூற்றுக்கணக்கான பிரசவங்களைப் பார்த்த கைக்குப் புத்தகத்தில் ஏறாத அறிவு இருக்கும்; ஊர் அதைத்தான் ராசி என்று அழைத்தது. ஆனால் அந்த அறிவு யாரிடம் இருந்தது, அவருக்கு ஊர் என்ன மதிப்பு கொடுத்தது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். இந்தப் பகுதியின் சிற்றூர்களில் பிரசவம் பார்த்த மருத்துவச்சிகள் பெரும்பாலும் நாவிதர் குடும்பத்துப் பெண்கள். கொங்கு வேளாளர் திருமணத்தில் மங்கல வாழ்த்துப் பாடும் உரிமை அந்தக் குடும்பத்து ஆணுக்கு. பிள்ளையை உலகுக்கு ஏந்தும் கடமை பெண்ணுக்கு. இரத்தமும் நஞ்சுக்கொடியும் தீட்டு என்பதால் அந்த வேலை அவர்கள் பிறப்போடு கட்டப்பட்டது. வீட்டின் மிக முக்கியமான நேரத்தில் உள்ளே அழைக்கப்பட்டவர், வேலை முடிந்ததும் கூலியாகத் தானியம் வாங்கிக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றார். அவருடைய தகுதி பிறப்பு. அவருடைய இழிவும் அதே பிறப்பு.

1926இல் மதராஸ் மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் வந்தபோது இந்தக் கட்டு கொள்கை அளவில் அவிழ்ந்தது என்பதை நாம் போதுமான அளவு கவனித்ததில்லை. பதிவேட்டில் சாதிக்கு இடமில்லை. எங்கே, எவ்வளவு காலம் கற்றாய் என்பதே கேள்வி. நடைமுறையில் மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. அடுத்தவர் மலத்தைத் தொடுவதற்கு ‘நல்ல குடும்பத்து’ப் பெண்கள் வரமாட்டார்கள் என்ற எண்ணத்தால் தொடக்கத்தில் இந்தத் தொழிலுக்கு வந்தவர்களில் கிறிஸ்தவப் பெண்கள், விதவைகள், ஆங்கிலோ இந்தியர் மிகுதி. 1946இல் போர் (Bhore) என்பவர் தலைமையிலான சுகாதார ஆய்வுக் குழு அறிக்கை தந்தபோது இந்தியா முழுமைக்கும் சுமார் 7,000 செவிலியர்கள்தான் இருந்தார்கள். 43,000 பேருக்கு ஒருவர். அதே ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி செவிலியர் பட்டப்படிப்பைத் தொடங்கியது. தீட்டு என்று ஒதுக்கப்பட்ட வேலை பல்கலைக்கழகப் பட்டமானது. இன்று திருச்செங்கோட்டிலும் சேலத்திலும் நர்சிங் கல்லூரி வகுப்பறையில் எல்லாச் சாதிப் பெண்களும், இப்போது ஆண்களும், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படுக்கைப்புண்ணைக் கழுவப் படிக்கிறார்கள். மகான்களின் உபதேசத்தால் மட்டும் இது நடந்துவிடவில்லை. உன் குலம் எது என்று கேட்காமல் உன் பயிற்சி எது என்று கேட்ட சட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு.

சமயத்தின் உள்ளேயே, குலமா பயிற்சியா என்ற இந்தக் கேள்வி சேலத்தில் எழுந்து தீர்ப்பும் வந்திருக்கிறது. சுகவனேசுவரர் கோயில் அர்ச்சகர் நியமனம் குறித்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் சொன்னது இதுதான்: ஆகமப்படி முறையாகப் பயின்று தேர்ந்தவர் அர்ச்சகராகலாம்; அதில் சாதிவழி வந்த பரம்பரைக்கு இடமில்லை. அந்தத் தீர்ப்பை ஏற்பவர்களும் எதிர்ப்பவர்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். பக்தி இருக்கிறது என்பதற்காக மட்டும் யாரும் கருவறைக்குள் போய் அபிஷேகம் செய்துவிட முடியாது, கற்றிருக்க வேண்டும். இறைவன் திருமேனியைத் தொடப் பயிற்சி வேண்டும் என்று சொல்லும் சமுதாயம், காய்ச்சலில் கிடக்கும் மனிதர் உடம்பைத் தொட அன்பு போதும் என்று சொல்வது பொருந்தாது.

பதிவேட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு: செவிலிக்குத் தன் மனசாட்சிப்படி நடக்க ஓர் ஆதாரத்தைத் தருவது. சேலம் மாவட்டத்துக்கு இது வெறும் தத்துவமல்ல. பெண்சிசுக் கொலையின் காரணமாகத் தமிழக அரசு 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது இந்த மாவட்டத்தில்தான். 2001 கணக்கெடுப்பில்கூட இங்கே ஆறு வயதுக்கு உட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே இருந்தனர். பிள்ளை பிறந்த வீட்டின் நெல்லை நம்பி வாழ்ந்த மருத்துவச்சி, அந்த வீட்டுப் பெரியவர்கள் என்ன செய்யச் சொன்னாலும் மறுக்கக்கூடிய நிலையில் இல்லை. அவர் மனம் கல்லாக இருந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். அவருக்குக் கால் ஊன்ற வேறு நிலம் இருக்கவில்லை. ஏ.என்.எம். எனும் துணைச் செவிலியர் பயிற்சி முடித்து, பதிவு பெற்று வந்த கிராம சுகாதாரச் செவிலியரின் நிலை வேறு. கருவுற்ற பெண்ணின் பெயர் அவர் நோட்டில் இருக்கிறது. பிறந்த குழந்தையின் கணக்கை அவர் வேறோர் இடத்துக்குச் சொல்லியாக வேண்டும். அவருடைய சம்பளம் அந்த வீட்டிலிருந்து வரவில்லை. இது முடியாது என்று சொல்ல அவருக்குப் பின்னால் ஒரு தொழிலும் அதன் விதியும் நின்றன. அதற்காகப் பதிவும் பயிற்சியும் அரசுப் பணியும் ஒருவரை உத்தமராக்கிவிடும் என்று சொல்ல வரவில்லை. 2019 ஏப்ரலில் குழந்தைகளை விற்றதாக ராசிபுரத்தில் கைதானவர், அரசுப் பணியிலிருந்து விலகிய செவிலிய உதவியாளர். நைட்டிங்கேல் சொன்னது இங்கே வந்து நிற்கிறது: குணத்துக்குச் சான்று இல்லை. ஆனால் பதிவேட்டிலிருந்து ஒரு பெயரை அடிக்கலாம். கைராசியிலிருந்து யாரையும் நீக்க முடியாது.

இனிக் கடினமான இடத்துக்கு வருகிறேன். அந்த மூன்றாமவரை, ஓராண்டுச் சான்றிதழோடு வேலை செய்பவரை, என்ன செய்வது? பள்ளிப்பாளையத்திலோ குமாரபாளையத்திலோ விசைத்தறியில் முன்பணம் வாங்கி, அதைக் கழிக்கத் தறி ஓட்டும் குடும்பத்துப் பெண் அவர் என்று வைத்துக்கொள்வோம். நான்காண்டுக் கட்டணம் கட்ட வழியில்லை. ‘அரசு அங்கீகாரம் பெற்றது’ என்று பெயர்ப்பலகையில் போட்டிருந்தது. எந்த அரசு, எதற்கு அங்கீகாரம் என்று கேட்க அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. டிரஸ்டாகப் பதிவு செய்ததே ஓர் அங்கீகாரம் என்று சொல்லப்பட்டிருக்கலாம். உண்மையில் இந்த அங்கீகார முறை படித்தவர்களுக்கே குழப்பமானது. 1947ஆம் ஆண்டின் இந்திய செவிலியர் கவுன்சில் சட்டப்படி, அதன் அட்டவணையில் ஏறிய தகுதிக்குத்தான் நாடு முழுக்கச் செல்லுபடி. அந்தத் தகுதி இருந்தால் எந்த மாநிலப் பதிவேட்டிலும் ஏறலாம். தகுதியை அங்கீகரிப்பது வேறு, கல்லூரியை அங்கீகரிப்பது வேறு என்ற சிக்கல் நீதிமன்றம் வரை போனது. 2017இல் கர்நாடக உயர் நீதிமன்றம், மத்திய கவுன்சிலுக்குத் தனித்தனிக் கல்லூரிகளை அங்கீகரிக்கும் அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு மத்திய கவுன்சிலின் பட்டியலில் கர்நாடகக் கல்லூரிகளின் பெயர் இல்லாமல் போனது. பெங்களூரு சேலத்திலிருந்து சில மணி நேரத் தூரம். தருமபுரி, சேலம் பக்கத்துப் பிள்ளைகள் அங்கே போய்ப் படிப்பது சாதாரணம். கட்டணம் கட்டி, பாதி படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, தங்கள் படிப்பு ஊர் திரும்பினால் செல்லுமா என்ற கலக்கம் வந்தது. அவர்கள் செய்த குற்றம் என்ன?

தர்மத்தின் கணக்கில் ஒரு செயலின் பாவம், தெரிந்து செய்தவர் மேல்தான் முழுமையாக விழும். தகுதியில்லாத சான்றிதழை விற்றவருக்கு அது தகுதியில்லாதது என்று தெரியும். குறைந்த சம்பளத்துக்கு ஆள் கிடைக்கிறது என்று அந்தச் சான்றிதழை ஏற்று, வெள்ளை உடுப்பு கொடுத்து, ஐ.சி.யூ.வில் நிறுத்திய நிர்வாகத்துக்கும் தெரியும். நம் நடைமுறையில் சோதனை வரும்போது வெளியே அனுப்பப்படுபவர் அந்தப் பெண் மட்டும்தான். இது அநீதி. ஆனால் இந்த அநீதியைக் காட்டி, பத்தாண்டு அனுபவம் இருக்கிறதே, அப்படியே பதிவு கொடுத்துவிடலாம் என்று சொல்பவர்களோடும் நான் உடன்படவில்லை. ஏழைப் பெண்ணுக்குக் காட்டும் இரக்கத்தின் விலையை, அதே அளவு ஏழையான நோயாளி தன் உடம்பால் கட்டுவார். ஓராண்டுச் சான்றிதழ்க்காரர் பணியாற்றுவது பெரும்பாலும் பணக்காரர் படுக்கும் மருத்துவமனையில் அல்ல. இங்கிலாந்து 1902இல் மருத்துவச்சியர் சட்டம் கொண்டுவந்தபோது இதே இக்கட்டைச் சந்தித்தது. எழுதப் படிக்கத் தெரியாத, ஆனால் ஊர் முழுக்கப் பிரசவம் பார்த்துவந்த பெண்களை ஒரே நாளில் சட்டவிரோதமாக்கவில்லை. நன்னடத்தையும் தொழில் அனுபவமும் உள்ளவர்களுக்குக் குறிப்பிட்ட காலம் வரை பதிவு கொடுத்து, அவர்களை மேற்பார்வைக்குள் கொண்டுவந்து, அதன் பிறகு புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. அந்த ஏற்பாட்டை அப்படியே இங்கே பெயர்க்க முடியாது, ஐ.சி.யூ. 1902இல் இல்லை. அதன் நெறியை ஏற்கலாம். உதவியாளருக்கு உதவியாளர் என்ற பெயரிலேயே ஒரு பதிவு, ஊசியும் மருந்தும் தொடாத வேலை வரம்பு, கற்ற காலத்தைக் கழித்துக்கொண்டு ஏ.என்.எம். அல்லது ஜி.என்.எம். படிக்க அரசுப் பள்ளிகளில் ஒதுக்கப்பட்ட இடம், அதற்கான செலவை அந்தப் பெண்களை வேலைக்கு வைத்து லாபம் பார்த்த மருத்துவமனைகளிடமிருந்து வாங்குவது. இப்படிச் செய்தால் நோயாளிக்குக் கொடுத்த வாக்கும் உடையாது. ஏமாற்றப்பட்டவரும் தெருவில் நிற்க மாட்டார்.

அங்கீகாரம் கேட்பவருக்கும் கடமை உண்டு என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இது ஒரு பாதி. மறு பாதி கூலி. தொண்டுக்குக் கூலி பேசலாமா என்று இங்கே பக்தியின் பெயரால் ஒரு குரல் எழும். ஆதாயத்துக்காகப் பேணுபவர் தகுதியற்றவர் என்று வினயம் சொல்லவில்லையா என்றும் கேட்கும். பிக்குவுக்குச் சோறும் உடையும் ஊர் தந்தது. வாடகையும் தம்பியின் கல்லூரிக் கட்டணமும் அவர் தலையில் இல்லை. வயிற்றுக்குப் போதுமான சம்பளத்தை ஆதாயம் என்று பெயரிடுவது, தியாகத்தைப் பிறரிடம் வாங்கிக்கொள்ளும் சாமர்த்தியம். 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. அது பரிந்துரையாகவே நிற்கிறது. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து, பதிவைச் சரிபார்த்து எடுத்த ஒப்பந்தச் செவிலியருக்கு அரசு தொடக்கத்தில் கொடுத்தது 7,700 ரூபாய். கொரோனா காலத்தில் எடுக்கப்பட்ட 2,300-க்கு மேற்பட்ட செவிலியரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31இல் முடிந்ததாகச் சொல்லப்பட்டபோது அவர்கள் சேலத்திலும் வந்து போராடினார்கள். இவர்கள் எல்லாரும் சட்டம் கேட்ட சான்றைக் கொடுத்தவர்கள். சான்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அதற்குரிய மதிப்பைத் தராமல் விட்டால், அங்கீகாரம் என்பது வாசலை அடைக்க மட்டும் பயன்படும் கதவாகிவிடும். பிறகு ஓராண்டு கோர்ஸ் நடத்துபவரைப் பார்த்துக் கோபப்பட நமக்கு என்ன தகுதி? நான்காண்டு படித்தவருக்கும் ஓராண்டு படித்தவருக்கும் ஒரே சம்பளம் என்றால், எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அந்தத் தறிக்காரக் குடும்பத்துக்குச் சந்தை தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

2023இல் நாடாளுமன்றம் 1947 சட்டத்துக்குப் பதிலாகத் தேசிய செவிலியர், மருத்துவச்சியர் ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. நாடு முழுமைக்குமான பதிவேட்டை இணையத்தில் வைத்துப் பராமரிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. பதிவேடு யாரென்று தெரியாத நோயாளிக்குக் கொடுத்த வாக்கு என்றால், அது அந்த நோயாளியின் உறவினர் கைக்கு எட்ட வேண்டும். நாமக்கல், சேலம் மாவட்ட மருத்துவமனைகள் தொடங்கி இருபது படுக்கை நர்சிங் ஹோம் வரை, அன்றைய டூட்டியில் இருக்கும் செவிலியரின் பதிவு எண் வார்டு வாசலில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது செவிலியருக்கு அவமரியாதை அல்ல என்பதைச் செவிலியர் சங்கங்களே முன்நின்று சொல்ல வேண்டும். பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் வாரத்தில், மாவட்டத்தில் எந்தெந்த நர்சிங் பள்ளியில், கல்லூரியில் படித்தால் பதிவு கிடைக்கும் என்ற பட்டியலைத் தமிழில் ஒவ்வோர் அரசு மேல்நிலைப் பள்ளிச் சுவரிலும் ஊராட்சி அலுவலகத்திலும் ஆட்சியர் ஒட்டச் செய்ய வேண்டும். அந்தப் பட்டியலில் இல்லாத நிறுவனம் நர்சிங் என்ற பெயரில் ஒரு ரூபாய் வாங்கினாலும், வாங்கிய பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பும் வழக்கைச் சந்திக்கும் பொறுப்பும் அந்த நிறுவனத்தை நடத்துபவருக்கு இருக்க வேண்டும், அங்கே சேர்ந்த பெண்ணுக்கு அல்ல.